மரத்தில் இருக்கும் தம்பி

துறைமுகத்தில் லாரியின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்த கோரேயைப் பார்த்ததும் ஓட்டுநர் தாரி முகம் மலர்ந்து கேட்டான்.

“என்னண்ணே, காலையிலதானே உங்களை மரத்து மேல பாத்தேன்? அதுக்குள்ள இங்க என்ன வேலை?”

கோரே கூபாங் நகரத்திலிருந்து வந்த கப்பலை விட்டு அப்போதுதான் இறங்கியிருந்தான். காலில் இன்னும் அலையின் ஆட்டம் இருந்தது. அம்மா செத்ததற்கு வராதவனை இப்படித்தான் குத்திக் காட்டுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். லாரி ஓட்டுகிற பயலுக்கு நக்கல் வேறு.

“ஹாரன்கூட அடிச்சேன். நீங்க திரும்பியே பாக்கலை” என்றான் தாரி. குரலில் நக்கல் இல்லை. அதுதான் கோரேக்கு உறுத்தியது.

சாலை நெடுகக் காயப்போட்டிருந்த கடற்பாசியின் கவிச்சை வண்டிக்குள் வந்து மூக்கை அடைத்தது. செம்மண் புழுதி. எலும்பு துருத்திய குதிரைகள். நிழலில் படுத்துக் கிடந்து, லாரி வந்தாலும் நகராத பன்றிகள். பன்றிகளைப் போலவே நகராத மனிதர்கள். ஒரு தீவு முழுக்கப் பனைமரத்தைக் கட்டிக்கொண்டு, காலையில் பதநீரும் மாலையில் பாகும் குடித்துவிட்டு, அதையே வாழ்க்கை என்று நம்புகிற கூட்டம். மீசை முளைத்த வயதில் இங்கிருந்து கிளம்பியவன் கோரே. இப்போது கூபாங்கில் சொந்தமாக ஹார்டுவேர் கடை. இவர்களுக்கு ஓர் ஆணியின் அளவு தெரியுமா?

அம்மா செத்த செய்தி கீழைக்காற்றுக் காலத்தில் வந்தது. கப்பல் ஓடவில்லை. சின்ன விமானம் பறந்தது. ஆனால் செத்தவளைப் பார்க்க விமானமா என்று யோசித்து, கப்பல் இல்லை என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். அன்று இரவு நன்றாகத் தூங்கினான். இப்போது வந்திருப்பது வீட்டுக்காக. கடைசி மகனுக்குத்தான் வீடு, அதுதான் தீவின் வழக்கம். பாலியில் ஒரு வியாபாரி இந்த மாதிரிப் பழைய மரவீடுகளைத் தூண் தூணாகப் பிரித்துக் கொண்டுபோய் ஓட்டலாக நிறுத்துகிறான். கீழே பன்றியைக் கட்டி, அதற்கு மேலே பலகை போட்டு அம்மா படுத்திருந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் படுத்துக்கொண்டு ஆகா என்பார்கள். நினைத்தால் கோரேக்குச் சிரிப்பு வந்தது.

லாரி ஊருக்கு வெளியே, இலவமரத்தடியில் நின்றது. அதற்கு மேல் வண்டிப்பாதை இல்லை. மரத்தடியில் அம்மாவின் தம்பி லோமி மாமா பனையோலையில் பதநீர்ப் பட்டை மடித்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய வெற்றிலை.

“வாடா மருமகனே. பாளை சீவி முடிச்சாச்சா?”

“மாமா, நான் கோரே. இப்பத்தான் கப்பல்ல வரேன்.”

“கோரேதான்டா. யாரு இல்லைன்னா? பேண்ட்டு எல்லாம் போட்டுக்கிட்டு...” மாமா சிவந்த பல்லைக் காட்டிச் சிரித்தார். “எங்கடா கிளம்பிட்டே, கல்யாணத்துக்கா?”

கிழத்துக்குப் புத்தி போய்விட்டது. புத்தி கெட்டவரிடம் சுற்றி வளைத்துப் பேச வேண்டியதில்லை என்று கோரே நேராகவே சொன்னான். “வீட்டைப் பிரிச்சு விக்கப் போறேன் மாமா. பனை நிக்கிற நிலத்தையும்.”

மாமாவின் கை பட்டையில் அப்படியே நின்றது. “என்னடா உளர்றே? ஒரு ஓலையைக்கூட ஊரை விட்டு வெளிய போக விடமாட்டேன்னு சபையில எழுந்து நின்னு சத்தியம் பண்ணினியே. அதுக்குத்தானே பன்னி அடிச்சு ஊருக்கே சோறு போட்டோம்?”

கோரேக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. அக்கா! தன் சாயலில் எவனையோ பிடித்துக்கொண்டு வந்து, ஊரைக் கூட்டி, தன் பெயரில் சத்தியம் பண்ண வைத்திருக்கிறாள். இந்த ஊர் முட்டாள்களும் நம்பியிருக்கிறார்கள். ஒரு மனிதனின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூட இவர்களுக்குத் துப்பில்லை.

“சத்தியம் பண்ணினவன் எப்ப வந்தான் மாமா?” என்று இளக்காரமாகக் கேட்டான்.

“எவன்? நீதாண்டா வந்தே. உங்கம்மா உசுரு போகாம உன் பேரையே சொல்லிக் கத்திக்கிட்டுக் கிடந்தா. ஊர்ல யாரும் தூங்கலை. காத்து அடிச்ச அடியில கடல்ல ஒரு தோணி கிடையாது. திடீர்னு பாத்தா வாசல்ல நிக்கறே. உடம்பெல்லாம் ஈரம். எப்படிடா வந்தேன்னு கேட்டா, கூப்பிட்டாங்க, வந்தேன்னு சொன்னே. உன்னைப் பாத்ததும் அவ கத்தறதை நிறுத்திட்டா.” மாமா வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். “பெத்தவளுக்கு நீ செஞ்ச மாதிரி எவனும் செய்ய மாட்டான்டா. நம்ம பழைய வழக்கப்படி அவளை வீட்டுக்குப் பின்னால குந்தவச்சுத்தானே புதைச்சோம்? நீயே குழிக்குள்ள இறங்கினே. அவளை மடியில எடுத்து வச்சுக்கிட்டே. மேல வாடான்னா வரலை. மண்ணைத் தள்ளிக் கல்லை வச்சு மூடுங்கன்னு சொன்னே.”

“தள்ளினீங்களா?”

“மகன் சொல்றான். தள்ளாம?”

“அப்புறம்?”

“அப்புறம் என்னடா? மறுநாள் விடியறப்போ மரத்துல இருந்தே. பாளை சீவிக்கிட்டு.”

நேற்று தூறல் போட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். அவர் சிரிப்பதற்காகக் கோரே காத்திருந்தான். அவர் குனிந்து அடுத்த ஓலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

குடிகாரக் கிழம், என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நடந்தான். பாதையின் இரண்டு பக்கமும் கல் சுவர். தெரிந்த முகங்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தன. அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, அவன் சட்டையையும் செருப்பையும் பார்த்துப் பாதியில் நிறுத்தின. யாரும் வா என்று சொல்லவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகில் வேர்வை மட்டும் குளிர்ந்திருந்தது.

வீடு அப்படியேதான் நின்றது. கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி இரண்டு முனையும் தூக்கிய கூரை, தரையைத் தொடும் ஓலை, உள்ளே எப்போதும் இருக்கும் இருட்டு. வெளியடுப்பில் அக்கா வீலா பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இனிப்பும் புகையும் கலந்த வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. மழை பெய்து நாட்கணக்கில் மூடிக்கிடந்த இடத்தைத் திறந்தால் வருமே, அது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“யாருங்க வேணும்?”

“அக்கா, நாடகம் எல்லாம் போதும்.”

அவள் எழுந்து கிட்டே வந்தாள். ஊர் வழக்கப்படி மூக்கோடு மூக்கை வைத்து மூச்சை இழுத்தாள். ஊசிப்போன சோற்றை முகர்ந்தவள் போல உடனே விலகினாள். முகத்தில் பயம் இல்லை. அருவருப்புதான் இருந்தது.

“வீடு விஷயமா வந்தீங்களா?” என்றாள். “தம்பி மரத்துல இருக்கான். இறங்குவான். உக்காருங்க.”

“நான்தான் உன் தம்பி! அந்தத் திருட்டுப்பயலை எங்க பிடிச்சே? போலீசைக் கூட்டிக்கிட்டு வந்தா உள்ளதான் இருப்பே, தெரியுமா?”

வீலா சிரித்தாள். சின்ன வயதில் அவன் பனையேறப் பயந்து அடிமரத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோது சிரித்த அதே சிரிப்பு. “என் தம்பிக்கு அம்மா கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. வந்தான். உங்களுக்கு விழுந்துச்சா?”

கோரே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஆண்கள் படுக்கும் பக்கத்தில் பாய் இல்லை. தலையணை இல்லை. மாட்டி வைத்த துணி ஒன்றுகூட இல்லை.

“அவன் எங்க படுத்துக்கறான்?”

இது என்ன கேள்வி என்பது போல அவள் பார்த்தாள்.

“அம்மாகிட்டதான்.”

அவள் அடுப்புக்குத் திரும்பிப் போய்விட்டாள். கரண்டி சட்டியில் உரசியது. அங்கேயே நின்றிருந்தால் பயந்தவனாகிவிடுவோம் என்று கோரேக்குத் தோன்றியது. இந்த ஊரில், இவர்களுக்கு முன்னால், தான் பயப்படுவதாவது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான்.

பின்பக்கத்துப் பனைகள் கறுத்து நின்றன. அவற்றுக்கு நடுவே உயரமான ஒன்றின் கொண்டையிலிருந்து சத்தம் வந்தது. சரக். சரக். பாளை சீவும் கத்தி. காற்று இல்லை. ஓலைகள் அசையவில்லை. ஒரு காக்கைகூட எங்கும் கத்தவில்லை. தீவில் மாலை நேரத்தில் நாய் குரைக்கும், யாராவது பாட்டுப் பெட்டியை அலற விடுவார்கள், தூரத்தில் கடல் இரையும். இப்போது அந்தக் கத்தி ஒன்றுதான் கேட்டது.

அண்ணாந்து பார்த்தான். ஓலைகளுக்கு நடுவே ஒரு முதுகு. இடுப்பில் கயிறு இல்லை. காலுக்குத் தளை இல்லை. மரத்தில் மிதித்து ஏற வெட்டிய படியும் இல்லை.

“டேய் கூத்தாடி!” என்று கத்தினான். “எறங்குடா கீழ! எவ்வளவு குடுத்தா என் அக்கா?”

கத்தி நின்றது.

மேலிருந்து ஒரு சொட்டு அவன் உதட்டில் விழுந்தது. பதநீர். நாக்கு தன்னால் நக்கியது. இனிப்பு இல்லை. மண்.

“அக்கா,” என்றது மேலிருந்து ஒரு குரல். “கீழ யாரு கத்தறது?”

அது கோரேயின் குரல். போனில் பேசியதைத் திரும்பப் போட்டுக் கேட்டால் கேட்குமே, அந்தக் குரல். அதே மூக்கடைப்பு. அதே அலட்சியம்.

அடுப்படியிலிருந்து வீலா திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். “யாரோ வெளியூரு, தம்பி. வீடு வேணும்னு வந்திருக்கு.”

வந்திருக்கு.

நாயைச் சொல்வது போல.

ஓட வேண்டும் என்று நினைத்தான். ஓலை சலசலத்தது. முதுகு திரும்பியது. அது இறங்க ஆரம்பித்தது.

தலைகீழாக.

தலை முன்னால், கால் பின்னால். பல்லி சுவரில் இறங்குவது போல, அவசரமில்லாமல். உள்ளங்கை மரத்தில் பதியும் சத்தம். தப். தப். பதநீர்ப் பட்டையை வாயில் கவ்வியிருந்தது. பட்டையிலிருந்து ஒரு துளி சிந்தவில்லை. அந்தப் பழைய வாடை மரத்தின் வழியே அதற்கு முன்னால் இறங்கி வந்தது.

தப்.

கோரேயின் கண் உயரத்தில் வந்து நின்றது.

வெயிலில் கறுத்த முகம். இங்கேயே இருந்திருந்தால் அவனுக்கு வந்திருக்கக்கூடிய முகம். மூக்கோரத்தில், காதுமடிப்பில், இமைக்கு அடியில் ஈரமண். கண்கள் கொட்டவில்லை. மூச்சு இல்லை. அவ்வளவு கிட்டே இருந்தும் மூச்சு படவில்லை.

வீலா வந்தாள். அதன் வாயிலிருந்து பட்டையை வாங்கினாள். தன் துணி முனையால் அதன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். “இருட்டறதுக்குள்ள வா தம்பி” என்றாள். போய்விட்டாள். கோரேயைப் பார்க்கவேயில்லை.

“அக்கா” என்று கூப்பிட்டான். வெறும் காற்றுதான் வந்தது.

அது அவனைப் பார்த்தது. செருப்பிலிருந்து தலைமுடி வரை நிதானமாக. பிறகு உதட்டின் ஓரம் ஒரு பக்கமாகக் கோணியது. கடன் கேட்டு வருகிறவர்களுக்குக் கோரே வைத்திருக்கும் கோணல். ஊரிலிருந்து அம்மா கூப்பிடும்போதெல்லாம் போனைப் பார்த்துக் கோணிய கோணல். இதுவரை அதை யாரும் அவனுக்குக் காட்டியதில்லை.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றது.

கோரே பின்வாங்கினான். ஓர் அடி. இன்னோர் அடி.

“எனக்கு மரத்துல வேலை கிடக்கு. பகல்ல அம்மாவால தனியா இருக்க முடியலை. அழறா.”

இன்னோர் அடி. குதிகாலுக்குக் கீழே மண் பொலபொலவென்று சரிந்தது. பின்னாலிருந்து குளிர்ச்சி ஏறியது. திரும்பிப் பார்க்கக் கூடாது.

பார்த்தான்.

மூடுகல் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வட்டமான குழி. கிணற்று வாய் போல வழவழவென்று தேய்ந்த விளிம்பு, ஏதோ தினம் ஏறி இறங்குவது போல. உள்ளே, கடைசி வெளிச்சம் எட்டும் ஆழத்தில், அம்மா உட்கார்ந்திருந்தாள். சுற்றியிருந்த துணி தோளிலிருந்து நழுவியிருந்தது. முகம் மேலே நிமிர்ந்து, வாய் அகலத் திறந்து, கூப்பிடத் தயாராக இருந்தது.

இரண்டு கைகளும் முன்னால் வளைந்து நீண்டிருந்தன. அந்தக் கைகளுக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.