உள்ளே உரிந்த பசை

காலையில் பொன்னையா வீட்டுக்கு வந்த சிறில், மழைக்கோட்டைக் கழற்றாமலே காரியத்தைச் சொன்னான். நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலில் இராணுவ விமானம் ஒன்று எண்ணெய் கசிந்து அவசரமாக இறங்கியிருந்தது. விமானியின் கால் நசுங்கிவிட்டது.

“எங்க பட்டறை றோலண்டோட வேலைங்க ஐயா. அதுல எறக்கையோட கூட்டுக்குள்ளதான் எண்ணெய் ஊத்தி வப்பாங்க, அதுதான் தாங்கி. மூட்டெல்லாம் உள்பக்கமாப் பசை பூசி அடைக்கணும். தகரத்தைத் தொடைக்காமப் பூசிட்டான். எறக்கை உடம்போட சேர்ற மூட்டுல பசை உரிஞ்சு தொங்குது. அவன் கம்பி எண்ணணும். நீங்க சொன்னா பொலிஸ் நம்பும்.”

ஓய்வுபெற்ற துப்பறியும் சார்ஜன் பொன்னையா தலையசைத்தார். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றே அவர் அண்ணன் மகள் நாகலெட்சுமி நினைத்தாள். போன வழக்கிலும் இப்படித்தான் நினைத்து ஏமாந்தோம் என்பது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டாள்.

திடலில் விமானம் சக்கரம் ஒடிந்து சாய்ந்து கிடந்தது. இறக்கை நுனியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்ஸ்பெக்டரும், வெளிறிய முகத்தோடு றோலண்டும். கூடவே வந்த சிறில் பின்னால் நின்றான்.

“ஓட்டை நுனியிலதான சித்தப்பா?” என்றாள் நாகலெட்சுமி.

“சொட்டுற எடத்துல ஓட்டை இருக்கணும்னு இல்லம்மா,” என்றான் றோலண்ட். “மூட்டுக்குள்ளயே ஓடி எங்கயாச்சும் வெளிய வரும். தொறந்து பாத்தாத்தான் தெரியும்.”

“இன்னும் தொறக்கலியா?” என்றார் பொன்னையா.

“இல்லீங்க. வேலை முடிச்சு நான் வச்ச ஈய முத்திரை அப்படியே இருக்கு.”

இன்ஸ்பெக்டர் முத்திரையை உடைத்தார். உடம்போடு சேரும் மூட்டில், வெந்த தோல்போலப் பசை உரிந்து தொங்கியது.

பொன்னையா திரும்பினார். “காலையில எங்க வீட்டுல நீ சொன்ன அதே மூட்டு, சிறில். மூடிக் கெடந்த தாங்கிக்குள்ள நீ எப்பப் பாத்த?”

சிறில் சிரித்தான்.

“இவன் தொடைச்சு வச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். தேங்காயெண்ணெய்க் கையால ஒரே தடவு. அது மேலயே வந்து பசை பூசிட்டான். என் தம்பி மாயாண்டியக் கள்ளத்தோணியில வந்தவன்னு காட்டிக் குடுத்து இந்தியாவுக்குக் கப்பலேத்தினவன் இவன். பெறந்த மண்ணுல அவனுக்கு எடமில்லேன்னா, இவனுக்கு மட்டும் எதுக்கு?”

“ஓட்டிட்டு வந்த பையன் ஒனக்கு என்ன பண்ணினான்?”

“அவன் பேரே எனக்குத் தெரியாதுங்க.”

விலங்கு பூட்டினார்கள். “தம்பி விசயம் நெசமா?” என்று நாகலெட்சுமி றோலண்டிடம் கேட்டாள். அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தான்.

ஜீப்பில் ஏறிய சிறில் எட்டிப் பார்த்தான். “நல்லாத் தொடைடா றோலண்டு.”