பூனைகள் சுற்றிய மோட்டார் சைக்கிள்

“எதைக் கண்டால் உனக்குக் குமட்டும்?”

பயிற்சிக் காலத்தில் ஓர் அதிகாரி யோகேஸ்வரியிடம் கேட்ட கேள்வி இது. மற்றவர்கள் பிணம் என்றார்கள், ரத்தம் என்றார்கள். செய்யூர் நெல் வயல்களுக்கு நடுவே வளர்ந்த அவளோ, “மீன் எண்ணெய், சார்” என்றாள். அணி முழுவதும் சிரித்தது. பிறகு அவளைக் கடலோரத்துக்கே சப்-இன்ஸ்பெக்டராகப் போட்டார்கள்.

அன்று காலை, மாமல்லபுரத்தை அடுத்த ஒரு விடுதியிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் உள்ளே புகுந்து, காட்சிக்கு வைத்திருந்த மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்கார்ந்துவிட்டாளாம். எழுப்ப முடியவில்லையாம்.

யோகேஸ்வரியும் ஏட்டு சிங்காரமும் போனபோது, கண்ணாடிக் கூடத்தின் வாசலில் காவலாளி பூனைகளைக் கம்பால் விரட்டிக்கொண்டிருந்தான்.

“இன்னாபா, பூனைங்களும் ரூம் போட்டுகீதா?” என்றார் சிங்காரம்.

“தெனம் இதே பேஜாரு அண்ணாத்த. சமையக்கட்டு அந்தாண்ட கீது. இதுங்க இங்கதான் வந்து குந்துது.”

உள்ளே நுழைந்ததும் யோகேஸ்வரிக்கு அடிவயிறு லேசாகப் புரண்டது. காலையில் சாப்பிடாததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டி மேடைமேல் நின்றது. முதல் உலகப் போருக்கு முந்தையது. சைக்கிளுக்கு எஞ்சினை மாட்டியதுபோல ஒல்லியான உடம்பு, தட்டையான டாங்கு, தோல் பெல்ட், மிதிக்கப் பெடல். எல்லாம் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. பக்கத்தில் மீசை வைத்த பெரியவர் ஒருவரின் பழைய படம். அதன் கீழே, ‘எங்கள் கொள்ளுத்தாத்தா ஓட்டியது. நூறாண்டுகளாக எங்கள் செங்கல்பட்டு இல்லத்தில்’ என்று பித்தளைப் பலகை.

விடுதி உரிமையாளர் ஹரிகிருஷ்ணன் பொறுமை இழந்திருந்தார். “மத்தியானம் லாரி வருது மேடம். வண்டி வெளிமாநிலத்துக்குப் போகுது. அங்க ஒரு சேகரிப்பாளர் வாங்கிட்டார். இந்த அம்மாவை முதல்ல கிளப்புங்க.”

“வண்டி எப்ப இங்க வந்துச்சு?” என்றாள் யோகேஸ்வரி.

“இந்த வருஷம்தான். அதுவரைக்கும் செங்கல்பட்டு வீட்டுக் கூடத்துல, கடல் காத்தே படாம இருந்துச்சு.”

“புதுப்பிச்சது யாரு?”

“சென்னைப் பட்டறை. பெயிண்ட்டு, நிக்கல் பூச்சு, அவ்வளவுதான். எங்க குடும்பம் பாத்துக்கிட்ட அழகுக்கு உள்ள கை வைக்கத் தேவையே இல்ல.”

தரையில் உட்கார்ந்திருந்த ஜஹனாரா நிமிர்ந்தாள். சதுரங்கப்பட்டினத்துக்காரி. கணவர் நூர்முகமது இறந்து ஒரு வருடம் ஆகவில்லை.

“உப்பு இலாகா வெள்ளக்காரத் தொர சீமைக்குப் போறப்ப எங்க மாமனாரோட அப்பாருக்குக் குடுத்த வண்டி மேடம் இது.”

“அண்ணி, வூட்டுக்கு வாங்க,” என்று குறுக்கே புகுந்தான் அவளோடு வந்திருந்த ஜுனைத். நூர்முகமதுவின் தம்பி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, அத்தர் வாசனை. “நம்ம வண்டிய அண்ணன் மௌத்தாறதுக்கு முன்னாடியே வித்துட்டாரு. இது வேற வண்டி. நாலு பேரு பாக்கறாங்க, அசிங்கமா கீது.”

“எனக்குத் தெரியாம ஒரு ஆணியக்கூட வித்ததில்ல அவரு.” ஜஹனாராவின் குரல் உடைந்தது. “மேடம், வண்டி கெடைக்கலன்னாலும் போவுது. எங்கிட்ட மறைச்சு வித்தாரா இல்லியா, அத்த மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. தூக்கமே இல்ல எனக்கு.”

யோகேஸ்வரி ஜுனைத்தைப் பார்த்தாள். “நீங்க அந்த வண்டியைக் கடைசியா எப்ப தொட்டீங்க?”

“துபாய் போறதுக்கு முன்ன. அப்புறம் அண்ணனோட ஜனாஸாவ அடக்கம் பண்ணத்தான் வந்தேன். அப்ப கொல்லையில வண்டியே கெடயாது.”

“நீங்க கொல்லையில பாக்கலியாம்மா?”

“நான் இத்தாவுல இருந்தேன் மேடம்,” என்றாள் ஜஹனாரா. கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்குமேல் வீட்டை விட்டு வராமல் இருக்கும் வழக்கம் அது. “உள்ரூமை விட்டு வரல. பால், காய் எல்லாம் தம்பிதான் வாங்கியாந்து வாசப்படில வெச்சிட்டுப் போவும். வெளிய வந்து பாத்தா கொல்லை காலி. அப்பதான் தம்பி சொல்லிச்சு, அண்ணன் எப்பவோ வித்துட்டாருன்னு.”

வண்டியின் அடியில் எண் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சிங்காரம் அதை ஒருக்களித்துச் சாய்க்கப் போனார்.

“அண்ணாத்த, எடது பக்கம் சாய்க்காத! யூனிபார்ம் வீணாப்பூடும். இந்தாண்ட சாய்,” என்றான் ஜுனைத். கைலியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தானும் பின்வாங்கினான்.

“நல்ல மனுசன்பா,” என்று சிங்காரம் வலது பக்கம் சாய்த்தார். எண் தேய்ந்து போயிருந்தது.

யோகேஸ்வரி இருக்கைக்குக் கீழே குனிந்தாள். இம்முறை சந்தேகமில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று நிமிர்ந்து, ஜஹனாராவை வெளியே அழைத்துப் போனாள்.

“உங்க வீட்டுக்காரர் என்ன தொழில் பண்ணார்?”

“மீன் எண்ணெ வியாபாரம் மேடம். மீன்புடி போட்டுக்குப் பூசுவாங்களே, அது.”

“வண்டிக்கும் பூசுவாரா?”

ஜஹனாரா வியந்து பார்த்தாள். “உப்புக் காத்து வண்டியோட பிரேம் குழாய உள்ளாறயே தின்னுடும்னு, சீட்டுக்குக் கீழ இருக்கற ஓட்டையில ஊத்துவாரு. போட்டுப் பலகை இடுக்கை அடைக்கறாப்ல, குங்கிலியத்துல தோச்ச நூல வெச்சு அடைப்பாரு. தம்பி துபாய் போனப்புறம்தான் இந்தக் கிறுக்கு புடிச்சுது.”

“கசியுமா?”

“நிமிந்து நிக்கற வண்டி எப்டி கசியும்? படுக்க வெச்சதே இல்ல. நான் படுத்தாலும் வண்டி படுக்கக் கூடாதுன்னு சொல்வாரு. அவருதான் படுத்துட்டாரு.”

மத்தியான வெயில் கண்ணாடியில் இறங்கியபோது லாரி வந்தது. யோகேஸ்வரி எல்லாரையும் மேடையருகே நிற்கச் சொன்னாள்.

“சிங்காரம், இப்ப இடது பக்கம் சாயுங்க.”

வண்டி சாய்ந்தது. இருக்கைக்குக் கீழே புதுப் பெயிண்ட் மெல்லப் பிளந்தது. கறுத்த எண்ணெய் கோடாக வழிந்து சிங்காரத்தின் காக்கியில் சொட்டியது. அழுகிய மீனின் நாற்றம் கூடத்தை நிரப்பியது. ஹரிகிருஷ்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டார். எங்கிருந்தோ ஒரு பூனை பாய்ந்து வந்தது.

“கடல் காத்தே படாத செங்கல்பட்டு வண்டிக்குள்ள மீன் எண்ணெய் எதுக்கு சார்?” என்றாள் யோகேஸ்வரி. “மேலே வர்ணம் பூசினீங்க. உள்ளே கழுவல. அதைத்தான் பூனைங்க தினமும் வந்து சொல்லிச்சுங்க. இது நூர்முகமது வண்டி.”

“நான் முறையா வாங்கினேன் மேடம்!”

“யார்கிட்ட?”

ஹரிகிருஷ்ணனின் கண்கள் ஜுனைத்தின் பக்கம் போய்த் திரும்பின.

“அவர் சொல்ல வேண்டாம். நீயே சொல்லிட்ட, ஜுனைத். துடைச்சு வெச்ச கண்ணாடி மாதிரி நிக்கற வண்டி. அதைச் சாய்ச்சா யூனிபார்ம் வீணாகும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அது... அண்ணன் போன்ல சொல்லிருந்தாரு.”

“இடது பக்கம் ஒழுகும்னு உன் அண்ணனுக்கே தெரியாது. அவர் வண்டியை ஒரு நாளும் படுக்க வெச்சதில்லை. படுக்க வெச்சவனுக்குத்தான் தெரியும். டெம்போவில ஏத்தறப்ப படுக்க வெச்ச. எண்ணெய் உன் சட்டையைப் பாழாக்கிச்சு. அந்த நாத்தம் உனக்கு மறக்கல. எண்ணெய் ஊத்த ஆரம்பிச்சது நீ துபாய் போனப்புறம். நீ திரும்பி வந்ததே ஜனாஸாவுக்கு. அப்ப, உன் அண்ணன் இறந்த பிறகும் வண்டி கொல்லையிலதான் இருந்திருக்கு.”

யோகேஸ்வரி ஜஹனாராவின் பக்கம் திரும்பினாள். “அவர் விக்கலம்மா. உங்ககிட்ட எதையும் மறைக்கவும் இல்ல.”

ஜஹனாரா மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வாசப்படியில பால் வெச்ச அதே கையால பின்னால வண்டியத் தூக்கினியேடா,” என்றார் சிங்காரம். பிறகு படத்தைக் காட்டினார். “சரி சார், இவரு யாரு?”

“பழைய சாமான் கடையில... அலங்காரத்துக்காக...” என்று முனகினார் ஹரிகிருஷ்ணன்.

“அப்ப கொள்ளுத்தாத்தாவும் செகண்ட்ஹாண்டா?”

யோகேஸ்வரி லாரியைத் திருப்பி அனுப்பினாள். அந்த எண்ணெய் நாற்றத்தில் அவளுக்கு இப்போது குமட்டல் இல்லை. அத்தர் வாசனைதான் தொண்டையை அடைத்தது.

“வண்டி கோர்ட்டு வழியா உங்க கைக்கு வரும்மா,” என்றாள்.

ஜஹனாரா தலையசைத்தாள். வழிந்த எண்ணெயை உள்ளங்கையால் துடைத்து, அந்தக் கையை அப்படியே மூடிக்கொண்டாள்.

“அண்ணி, ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி. குடும்ப மானம் போவுது...” என்றான் ஜுனைத்.

அவள் வாசலை நோக்கி நடந்தாள். எண்ணெய்க் கை தன்மேல் பட்டுவிடப் போகிறதென்று ஜுனைத் வெள்ளைச் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான்.

ஜஹனாரா நின்று அந்தச் சட்டையைப் பார்த்தாள். பிறகு வெளியேறினாள்.