சொந்தக் குரல்

காலையில் பல் துலக்கும்போதே, தன் பெயரில் இணையத்தில் பேசும் மென்பொருளான நிழலர் இரவு முழுக்க என்ன செய்தது என்று பார்த்துவிடுவது மகிழ்நனின் வழக்கம். ஓசூரில் மின்சுற்று வடிவமைக்கிற எல்லோருக்கும் அதுதான் வழக்கம். அவர்கள் கூடுகிற ‘தடம்’ என்ற இணைய வலையத்தில் இப்போது யாரும் தாமாக உட்கார்ந்து எழுதுவதில்லை. அவரவர் நிழலரே சந்தேகம் கேட்கும், விடை சொல்லும், யாருக்காவது வேலை வேண்டுமென்றால் பரிந்துரைக்கும் அல்லது ஒதுங்கிக்கொள்ளும்.

அன்று அவனுடைய நிழலர் நிறையச் சந்தேகங்கள் கேட்டு விடைகளை வாங்கி வைத்திருந்தது. யாருக்கும் விடை சொல்லியிருக்கவில்லை. தடத்தில் அவன் பெயருக்குள்ள மதிப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. மகிழ்நன் திருப்தியாக வாய் கொப்பளித்தான்.

மதியம் அலுவலக கேன்டீனில் ஒரு பெண் நேராக வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். ஷாஹிதா. முன்பு ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. தடத்தில் தினமும் பெயரைப் பார்க்கிறான். முகத்தைப் பார்த்து வருடங்களாகிவிட்டன.

“என்னடா, பேயப் பாத்த மாதிரி முழிக்கிற? ஒரு டீ வாங்கித் தர மாட்டியா?”

வாங்கி வந்தான். அவள் ஊதி ஊதிக் குடித்தாள்.

“எங்க கம்பெனிய மூடிட்டாங்க மகி. கிருஷ்ணகிரில மருத்துவக் கருவி செய்ற எடத்துல ஒரு வேலை இருக்கு. கூட வேலை பாத்த ஒருத்தர் நல்லதா ஒரு வார்த்த சொல்லணுமாம். மத்தவங்கல்லாம் வெளிநாடு போய்ட்டாங்க, நீதான் பாக்கி. உன் நிழலர்கிட்ட கேட்டிருக்காங்க.”

“என்ன சொல்லுச்சு?”

“‘கருத்து ஏதும் இல்லை’ன்னுச்சு.”

“ஏதாச்சும் கோளாறா இருக்கும்.”

ஷாஹிதா சிரித்துவிட்டாள். “கோளாறா? அச்சு அசல் நீயேதான்டா அது.”

மகிழ்நனுக்குக் காது மடல் சுட்டது. நிழலருக்கு யாரும் கட்டளை போட முடியாது. உரியவர் அத்தனை வருடங்களாக எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் படித்து, அவர் என்ன செய்வாரோ அதைத்தான் அது செய்யும்.

அந்த ஆய்வகத்தில் ஒருமுறை அவன் ஓர் இணைப்பியை, மின்சுற்றுப் பலகையின் அடியிலிருந்து பார்க்கிற மாதிரி, இடம் வலமாக மாற்றி வரைந்துவிட்டான். ஆலைக்குப் போகுமுன் வரைபடத்தைப் பார்த்து அவனை நிறுத்தியவள் ஷாஹிதா. போயிருந்தால் அத்தனை பலகையும் குப்பை; அவன் வேலையும் அதோடு. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினான். தடத்தில் ஒருவரை வார்த்தையால் பாராட்டினால், பாராட்டியவரின் மதிப்பிலிருந்து கொஞ்சம் அவருக்குப் போய்விடும். பாராட்டைப் பிறகு ஒருநாள் எழுதலாம் என்று நினைத்தான். நினைத்ததை நிழலரால் படிக்க முடியாது.

“நீயே வாயத் திறந்து சொன்னா அத மாத்திக்குவாங்களாம்,” என்றாள், டீக் கோப்பையைப் பார்த்தபடி. “சாயங்காலத்தோட முடிக்கிறாங்க. அதான் வெக்கத்த விட்டு வந்துட்டேன்.”

மகிழ்நன் கைபேசியை எடுத்து, தடத்தில் நிழலரை விலக்கித் தானே பேசுவதற்கான, இதுவரை தொட்டிராத ‘சொந்தக் குரல்’ பொத்தானை அழுத்தினான். மதிப்பு எவ்வளவு இறங்கும் என்று ஒரு கணம் கணக்குப் போட்ட மனதை அதட்டி அடக்கினான்.

“ஷாஹிதா மாதிரி கவனமா பலகை வரையறவங்கள நான் பாத்ததில்ல. அடுத்தவங்க தப்பையும் தன் தப்பு மாதிரி பதறித் திருத்துவாங்க. நான் இன்னிக்கு இந்த வேலைல இருக்கறதே அவங்களாலதான்.”

பேசி முடித்துக் கைபேசியை மேசைமேல் வைத்தான். ஷாஹிதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இதெல்லாம் இவ்ளோ நாளா எங்கடா வச்சிருந்த?” என்றாள்.

கைபேசி அதிர்ந்தது; தடத்திலிருந்து பதில். மேசைமேல் கிடந்த திரையை இருவரும் சேர்ந்தே படித்தார்கள்.

‘குரல் பொருந்துகிறது. சொற்கள் பொருந்தவில்லை. உரியவர் இவ்வாறு பேசும் இயல்புடையவர் அல்லர். போலிக் குரல் என ஐயுறுகிறோம். மறுப்பதாயின், இதற்குமுன் நீங்கள் மனமாரப் பாராட்டிய ஒருவரின் பெயரைச் சொல்லவும். ஒன்று போதும்.’

மகிழ்நன் வாயைத் திறந்தான். உடன் படித்தவர்கள், மேலாளர்கள், இரவெல்லாம் அவன் சந்தேகங்களுக்கு விடை சொன்ன முகம் தெரியாதவர்கள் என்று ஒவ்வொருவராக நினைவில் வந்து நின்றார்கள். ஒருவர் பெயரும் நாக்குக்கு வரவில்லை.

“அவசரமில்ல மகி, நிதானமா யோசி,” என்றாள் ஷாஹிதா. “யாராச்சும் இருப்பாங்க.”

அவன் தேடுவதைப் பார்க்காமலிருக்க, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.