இடப்பக்கப் பின்சீட்டு

யாரும் உட்காராத சீட்டுக்கு அந்த வண்டி பெல்ட் போடச் சொன்னது.

வேகமானிக்குப் பக்கத்தில் மூன்று சின்னப் புள்ளிகள் இருந்தன, பின்சீட்டின் மூன்று இடங்களுக்கும் ஒவ்வொன்று. உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் அவர் இடத்துப் புள்ளி சிவக்கும், ணிங் ணிங் என்று மணி அடிக்கும். பெல்ட்டை மாட்டினாலோ, ஆள் இறங்கினாலோ அணைந்துவிடும். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் ஜிஷா தனியாக அதை எடுத்தபோது இடப்பக்கப் புள்ளி சிவந்து மணி அடித்தது. திரும்பிப் பார்த்தாள். அந்த சீட்டில் ஒரு குடைகூட இல்லை.

அவள் புருஷன் அனீஷ் வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் வேலை பார்ப்பவன். எதற்கும் அசராதவன் என்று பெயர் எடுத்தவன், அந்தப் பெயரைக் காப்பாற்றவே பாதி நாள் போய்விடும். "சீட்டுக்கு அடியில சென்சார் கெட்டிருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க? பெல்ட்ட எடுத்து சொருகிடு, வாய மூடிக்கும்" என்று சிரித்தான்.

கொச்சியில் பழைய வண்டி வாங்குகிற ஆள் எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் பெல்ட்டைத்தான் முழுநீளத்துக்கு இழுத்துப் பார்ப்பான். பெருவெள்ளத்தில் முங்கிக் கிடந்த வண்டியை எத்தனை தேய்த்துக் கழுவினாலும், உள்ளே சுருண்டு கிடக்கும் பெல்ட்டின் அடிநுனியில் சேற்றுக்கோடு போகாது. இந்த வண்டியை வாங்கிய கலூர் யார்டில், பழைய வண்டி விற்கும் இடத்தில் வைத்து, அனீஷும் இழுத்துப் பார்த்தான். முன்னால் இரண்டும் சுத்தம். வலப்பக்கப் பின்சீட்டு சுத்தம். இடப்பக்கத்துப் பெல்ட் மட்டும் பாதி வந்து நின்றுவிட்டது. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி அத்தனை உறுதியாக நின்றது. ஓட்ட ஓட்ட இளகிவிடும் என்றார் யார்டுக்காரர். அனீஷ் ஜிஷாவைப் பார்த்தான். ஜிஷா தலையாட்டினாள்.

அவள்தான் தலையாட்டினாள். நான்கு வயது கங்காவுக்கு மழைக்காலம் வந்தால் மூச்சு இழுக்கும். குழந்தையை ரெயின்கோட்டில் சுற்றி ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடி ஓடி அவள் அலுத்திருந்தாள். நான்கு பக்கமும் மூடிய ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான். ஆசை வந்தால் கண் அவிந்துவிடும்.

அன்று அவள் பின்கதவைத் திறந்து, வந்த மட்டும் பெல்ட்டை இழுத்து, காலி சீட்டின் குறுக்கே போட்டு, கொக்கியில் அழுத்தினாள். பயத்தை விரட்ட ஒரு வேடிக்கை வேண்டியிருந்தது. "ஏறியாச்சு, இனி எறங்கவா போறே? பெல்ட்டப் போட்டுக்கிட்டு இருந்துக்கோ" என்றாள்.

டக். புள்ளி அணைந்தது. அதன்பிறகு மணி அடிக்கவே இல்லை. பெல்ட்டை அவள் கழற்றவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், காய்ச்சலுக்குக் கலூரில் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கங்காவோடு மட்டாஞ்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். இடவப்பாதி மழை, தென்மேற்குப் பருவத்தின் முதல் அடி. ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. கங்கா வழக்கம்போல டிரைவர் சீட்டுக்குப் பின்னால், வலது ஜன்னலோரம். அவளுக்கு ஒரு பழக்கம்: கண்ணாடியில் ஆவி படிந்தால் மீன் வரைவாள். எல்லாரும் தலையில் தொடங்குவார்கள், இவள் முதலில் வாலைப் போட்டு, பிறகு உடம்பை வளைத்து, கடைசியில் விரல்நுனியால் அழுத்திக் கண்ணை வைப்பாள். இன்றும் வரைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அவங்களுக்கு பெல்ட் இறுக்குதாம்."

"யாருக்குடா?"

"அந்த சைடுல இருக்கவங்களுக்கு."

காய்ச்சல் வந்தால் பிள்ளைகள் எதையாவது சொல்லும். பின்ஜன்னல்களின் பூட்டுப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுந்தியிருந்தது. பின்கதவுகளில் குழந்தைப்பூட்டும் போட்டிருந்தாள். உள்ளேயிருந்து யாரும் திறக்க முடியாது. அதை நினைத்ததும் நிம்மதியாக இருந்தது.

தோப்பும்படிப் பாலம் இறங்கி பஜார் ரோட்டுக்குள் நுழைந்ததும் கை தானாகப் போய் உள்காற்றுப் பொத்தானை அழுத்தியது. மிளகாய் கிடங்குகளைத் தாண்டும்போது எல்லாரும் செய்வதுதான். வெளிக்காற்றை விட்டால் நெடி ஏறி, கங்காவுக்கு உடனே இழுக்கத் தொடங்கிவிடும். வெளிவழி அடைபட்டது. வண்டிக்குள் இருந்த காற்றே சுற்றிச்சுற்றி வந்தது, பின்சீட்டிலிருந்து முன்னுக்கும் முன்னாலிருந்து பின்சீட்டுக்கும், மூச்சுவிட்ட காற்றை மறுபடி மூச்சாக இழுத்துக்கொண்டு. வைப்பரின் சீரான கரகரப்பு, கூரையில் மழையின் ஓயாத தட்டல், எங்கோ இறக்கிய ஷட்டரின் இரும்பு ஓசை, இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் கேட்டது. ஈரமான மூச்சு. அவளுடையதும் இல்லை, கங்காவுடையதும் இல்லை.

முன்கண்ணாடி மங்கியது. ஆவியை விரட்டும் பொத்தானை அழுத்தினாள். காற்று உறுமிக்கொண்டு மேலே ஏறி, கீழ்விளிம்பிலிருந்து கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்பியபோது, இடது பின்ஜன்னல் கண்ணில் பட்டது. அதில் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை வட்டம். மங்கியது, விரிந்தது, சுருங்கியது. மறுபடி விரிந்தது. வாயை ஒட்டி வைத்து ஊதினால்தான் அப்படி வரும்.

"கங்கா, நீ எந்தப் பக்கம் இருக்கே?"

"இங்கதாம்மா. எனக்குத் தணுக்குது."

குளிர் அளவைக் காட்டும் எண்ணைப் பார்த்தாள். இருபத்து நான்கில் வைத்தது. இருபதில் நின்றது. பத்தொன்பது. பதினெட்டு. குமிழை வலது பக்கம் திருகினாள். குமிழ் சுற்றியது, எண் இறங்கியது. ஏசியை அணைத்தாள். பொத்தானின் விளக்கு அணைந்தது, காற்று அணையவில்லை. உள்காற்றை மாற்றி வெளிக்காற்றைத் திறந்தாள். மிளகாய் நெடி வரட்டும், இஞ்சி வாடை வரட்டும், ஓடையின் நாற்றமே வந்தாலும் வரட்டும் என்று திறந்தாள். எதுவும் வரவில்லை. சேறு வந்தது. பல நாள் தண்ணீரில் ஊறிய மெத்தையின் வாடை, அழுகிய வைக்கோலின் வாடை, அவற்றோடு இனிப்பாக இன்னொரு வாடை. அதற்குப் பெயர் அவளுக்குத் தெரியும். நினைக்க மனம் வரவில்லை.

அப்போது பின்னால் கேட்டது.

டக்.

கொக்கி அவிழும் சத்தம். நிதானமாக அவிழ்ந்தது. பெல்ட் சர்ரென்று உள்ளே சுருண்டுபோனது.

இடப்பக்கப் புள்ளி சிவந்தது. ணிங். ணிங். ணிங்.

"கங்கா, நீ தொட்டியா?"

"இல்லம்மா. அவங்களே."

ஆக்ஸிலேட்டரில் இருந்த பாதம் அவளுடையதாக இல்லை. நடுவில் இருந்த கண்ணாடியில் பார்த்தாள். பின்கண்ணாடி முழுக்க வெள்ளை, அதற்கு முன்னால் இருட்டு, இருட்டின் ஓரத்தில் கங்காவின் மஞ்சள் கிளிப். வேறு எதுவும் தெரியவில்லை. உள்விளக்கைப் போட விரலைத் தூக்கினாள். போடவில்லை. தெரிந்துவிட்டால்?

மணி நின்றது. இடப்பக்கப் புள்ளி அணைந்தது.

அவள் மூச்சை விடுவதற்குள் நடுப்புள்ளி சிவந்தது.

நகர்ந்திருந்தது. கங்காவின் பக்கத்தில்.

பிரேக்கை மிதித்தாள். முழங்கால் வரை தேங்கிய தண்ணீரில் வண்டி குலுங்கி நின்றது. நான்கு பக்கமும் மினுக்கும் விளக்கைத் தட்டிவிட்டு, கதவைத் திறந்து, தண்ணீரில் குதித்தாள். குதித்தவள் பின்னால் கையை வீசிக் கதவைச் சாத்தினாள். சீட்டு நனையக்கூடாது என்று இரண்டு வாரமாகப் பழகிய கை. அந்தக் கையை அவள் பிறகு எத்தனை முறை சபித்தாள் என்பதற்கு அளவில்லை.

நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. பொத்தானில் ஓடும் வண்டி, சாவி பையில் இருந்தது. பை முன்சீட்டில் இருந்தது. போனும் அதில்தான்.

"கங்கா! அம்மா இங்க இருக்கேன்! கங்கா!"

வலது பின்கதவின் பிடியை இழுத்தாள். இழுத்தாள். இழுத்தாள். கண்ணாடி உள்பக்கம் ஆவி பூசி வெள்ளையாக நின்றது. அதில் சின்ன உள்ளங்கை ஒன்று வந்து பதிந்தது. கங்காவின் கை. அவள் வெளியே அதே இடத்தில் தன் கையை வைத்தாள். கண்ணாடி பனிக்கட்டியாகச் சுட்டது.

டீக்கடை ஷட்டருக்கு அடியிலிருந்து சந்தீப் ஓடி வந்தான். அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன், கங்காவுக்கு தினமும் ஒரு பிஸ்கட் கொடுப்பவன்.

"எந்தா சேச்சி, என்னாச்சு?"

"சந்தீப்பு, புள்ள உள்ள இருக்கு... கூட... கூட இருக்கு..."

"யாரு கூட இருக்கா?"

சொன்னால் உண்மையாகிவிடும். அவன் ஷட்டர் தூக்கும் இரும்புக்கம்பியை எடுக்க ஓடினான். ஜிஷா முன்பக்கம் போய்ப் பார்த்தாள். முன்கண்ணாடி மட்டும்தான் தெளிவாக இருந்தது. அதன் வழியே டாஷ்போர்டு விளக்குகள் அழகாக எரிந்துகொண்டிருந்தன. குளிர் எண் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நடுப்புள்ளி சிவப்பு.

வலப்பக்கப் புள்ளி சிவந்தது.

கங்காவின் பெல்ட்டை யாரோ கழற்றியிருந்தார்கள்.

கத்தினாள். தொண்டை கத்தியது, சத்தம் மழைக்குள் போய்விட்டது. போனட்டை இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளே நடுப்புள்ளி அணைந்தது. வலப்பக்கப் புள்ளி அணையவில்லை. ஒரே சீட்டு. இரண்டு பேர்.

பிறகு அதுவும் அணைந்தது. பெல்ட் மாட்டும் சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. டக்.

சந்தீப் கம்பியை ஓங்கினான். அடிக்கும் முன்னால் நான்கு பூட்டும் தானாகத் திறந்தன.

"தொறந்துச்சு சேச்சி! பேடிக்காதீங்க, ஒண்ணுமில்ல!"

அவனே பின்கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கி ஜிஷாவின் தோளில் போட்டான். மஞ்சள் கிளிப். பூப்போட்ட கவுன். கங்காதான். இரண்டு கையும் கழுத்தைக் கட்டிக்கொண்டன. ஜிஷா அழுதாள். கன்னத்தோடு கன்னம் வைத்து, முதுகைத் தடவி, "என் பொன்னே, என் பொன்னே" என்று அழுதாள். காய்ச்சல் இறங்கிவிட்டிருந்தது. மூச்சு இழுக்கவில்லை. முழுக்க இறங்கி, சில்லென்று இருந்தது உடம்பு.

சந்தீப் குனிந்து வண்டியை அணைத்தான், அவள் பையை எடுத்துக்கொண்டு கதவுகளைச் சாத்திப் பூட்டினான். நல்லவன். எல்லாம் முறையாகச் செய்தான். "நாளைக்கு ஒர்க்‌ஷாப்புல காட்டலாம், நீங்க வீட்டுக்கு நடங்க" என்றான். நான்கு பக்கமும் மினுக்கிய விளக்கு நின்றது. டாஷ்போர்டு இருண்டது.

குழந்தை அவள் காதில் வாயை வைத்தது. ஈரமான மூச்சு. சேற்று வாடை.

"அம்மா, வீட்டுக்குப் போலாம். இனி பெல்ட் வேண்டாம், இல்ல?"

கங்காவின் குரல்தான்.

ஜிஷா அசையவில்லை. அவள் கண் வண்டியின் வலது பின்ஜன்னலில் இருந்தது. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், காலியான வண்டியின் கண்ணாடியில், உள்பக்கம், ஒரு சின்ன வெள்ளை வட்டம் படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது. இழுத்து இழுத்து விடும் மூச்சு.

அந்த வட்டத்தில் ஒரு கோடு விழுந்தது. முதலில் வால்.

கதவை நோக்கி ஓரடி வைத்தாள். கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இறுகின. குழந்தைக் கைகளுக்கு அத்தனை பலம் கிடையாது. ஒரு கையை நீட்டிப் பிடியை இழுத்தாள். பூட்டியிருந்தது. "சந்தீப்பு, சாவி, சாவி" என்றாள். குரல் வரவில்லை. அவன் முன்னால் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தான்.

கண்ணாடியில் கோடு மெல்ல வளைந்து மீனின் உடம்பானது. வெள்ளை வட்டம் ஒவ்வொரு மூச்சுக்கும் சிறிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு விரல்நுனி, உள்ளேயிருந்து, அழுத்தி, கண்ணை வைத்தது.