நாற்பத்தொன்றாம் நாள்

சட்டமன்றக் குழு அறையில் உட்கார்ந்திருந்த மாவிஸின் மடியில், பீச் பழம் வைத்துச் சுட்ட ஒரு கூகன் கேக் இருந்தது. நன்றி சொல்லக் கொண்டுவந்த பலகாரம். யாருக்கு நன்றி சொல்வது என்பதுதான் குழப்பம்.

"சபாநாயகர்கிட்ட கொடுத்துடலாமா ஆன்ட்டி?"

"யார்கிட்டயும் கொடுக்காதே. மசோதா இன்னும் பாதி வழியிலதான் நிக்குது. இப்ப கொடுத்தா லஞ்சம். நிறைவேறினப்புறம் கொடுத்தாத்தான் நன்றி" என்றார் பக்கத்துப் பண்ணை கிரெட்டா ஆன்ட்டி.

பாதி வழியா? போன வாரம் பேரவையில் சபாநாயகர் சுத்தியலைத் தட்டினாரே! மாவிஸின் குடும்பம் நெப்ராஸ்காவிலிருந்து தெற்கு டகோட்டாவுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அங்கே சபை ஒன்றே ஒன்று. தட்டினால் முடிந்தது.

"இங்க ரெண்டு சபை. மேலவையும் சம்மதிக்கணும். அதுக்கு முன்னாடி, மேலவையோட இந்தக் குழு சம்மதிக்கணும்."

"மேலவைக்கு யாரு தலைவர்?"

"துணை ஆளுநர். ஆனா ரெண்டு பக்கமும் சமமா ஓட்டு விழுந்தாத்தான் அவர் ஓட்டுப் போடுவார்."

"தலைவருக்கே ஓட்டு இல்லையா?"

"அக்கா, பசிக்குது" என்றான் ஆர்லோ. கிரெட்டா ஆன்ட்டியின் மகன். வயது ஆறு.

அவனுக்காகத்தான் எல்லாமே. பள்ளிப் பேருந்து நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கம் நிற்கும். விடியும் முன்பே கிரெட்டா ஆன்ட்டி மருத்துவமனை வேலைக்குப் போய்விடுவார். தினமும் மாவிஸ்தான் அவன் கையைப் பிடித்துச் சாலையைத் தாண்டுவாள். அடுத்த வகுப்புக்கு அவள் வேறு பள்ளிக்குப் போகவேண்டும். அப்புறம் யார் கையைப் பிடிப்பது? குழந்தையின் வீட்டுப் பக்கமாகவே பேருந்து நிற்கவேண்டும் என்றது மசோதா.

மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் உறுப்பினர் பேசினார். "நானும் அந்த ரோட்டுல கோதுமை லாரி ஓட்டுறவன்தான். பஸ் சுத்தி வந்தா டீசல் செலவு யாரு தர்றது? மசோதாவை நாற்பத்தொண்ணாம் நாளுக்குத் தள்ளிவைக்கலாம்."

மாவிஸுக்கு நிம்மதி. "பரவாயில்லடா ஆர்லோ, அன்னைக்கும் வருவோம்!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கிரெட்டா ஆன்ட்டியின் கண்கள் கலங்கின. "கூட்டமே நாற்பது நாள்தான் மாவிஸ். நாற்பத்தொண்ணாம் நாள்னு ஒண்ணு கிடையாது. வேண்டாம்ங்கிறதை இங்க இப்படித்தான் சொல்லுவாங்க."

மாவிஸ் கண்ணை மூடினாள். கடவுளே, பேச்சு வரணும் என்று வேண்டிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

"சொல்லும்மா" என்றார் குழுத் தலைவி ருண்டெல்.

மாவிஸ் லாரிக்காரரைப் பார்த்தாள். "ஐயா, அந்த..."

"என்னைப் பார்த்துப் பேசணும். இங்க அதுதான் முறை."

"கேள்வி அவருக்குத்தாங்க. ஆனா உங்களைப் பாத்துக் கேக்குறேன். எங்க ரோடும் இந்த அறை அகலம்தான். மேட்டு மேல லாரி தலை தெரியறப்ப ஆர்லோ இந்தச் சுவர்லேருந்து கிளம்புறான்னு வைங்க. லாரி எப்ப வந்து சேரும்னு அவரே சொல்லட்டும்."

தலைவி தலையசைத்தார். ஆர்லோ பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நடுவில் கையுறை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தான்.

"லாரி வந்துடுச்சு" என்றார் லாரிக்காரர்.

ஆர்லோ பாதி அறையில் நின்றான். "இப்ப நான் என்னக்கா பண்ணணும்?"

லாரிக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தலைவரம்மா, நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன். இன்னைக்கே ஓட்டு எடுங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. சுத்தியல் தட்டப்பட்டது.

"முடிஞ்சுதா?" என்றாள் மாவிஸ்.

"குழுதான் முடிஞ்சது. இனி முழு மேலவை. அப்புறம் ஆளுநர் கையெழுத்து" என்று சிரித்தார் தலைவி.

"அதுக்குள்ள கூகன் கெட்டுப்போயிடுமே!"

திரும்பும் வழியில் அதைச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள். வசந்தத்தில் ஆளுநர் கையெழுத்திட்டதும், புதிதாக ஒன்று சுட்டு மேலவைக்கு அனுப்பினார்கள். பேரவை கோபித்துக்கொள்ளக்கூடாதே என்று அதற்கும் ஒன்று.

பள்ளி திறந்த முதல் நாள். தன் பேருந்து வர நேரம் இருந்தும் மாவிஸ் ஆர்லோவுடன் வந்து நின்றாள். மேட்டின் மேல் மஞ்சள் வண்டி தெரிந்தது. பழக்கதோஷத்தில் ஆர்லோ கையை நீட்டினான்.

"தாண்டறதுக்குத்தான் ரோடே இல்லையேடா!"

சொல்லிவிட்டு, அவர்கள் பக்கமாகவே பேருந்து வந்து நிற்கும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை.