வாறன்

நேற்று அந்தக் குதிரைக்காரன் வேலிக்கு அப்பால் நின்றான். இன்று வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறான்.

கோணேஸ்வரி உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துவிட்டுக் கண்களைத் தேய்த்தாள். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் கிடந்தது படச்சுருளில் நேற்று அவள் நிறுத்திய அதே இடம்தான். அடையாளத்துக்குச் செருகிய வெள்ளை நூல் அசையாமல் இருந்தது.

பழைய படங்களை மீட்கும் ரொறன்ரோவின் ஒரு பட லாப்பில் அவளுக்கு நிலக்கீழ் அறையில் வேலை. வடக்கே இடித்த ஒரு மண்டபத்தின் தரைக்கடியில் கிடந்த தகர டப்பாக்களிலிருந்து பேசாப் படம் ஒன்றின் ரீல்களை மெல்லப் பிரித்துத் துடைக்க வேண்டும். படச்சுருள் அழுகும் என்பது இங்கே வரும்வரை அவளுக்குத் தெரியாது. முதலில் உருவம் வெளிறி, பிறகு பிசுபிசுத்து, பிறகு பழுப்புத் தேன் போல ஒன்று நுரைத்துக்கொண்டு ஓரங்களில் கசியும். ஈரச் சப்பாத்துக்குள் ஊறிய காலுறையும் புளித்த பாலும் சேர்ந்தது போன்ற அதன் மணம், பருத்திக் கையுறையைத் தாண்டி நகக்கண்ணுக்குள் புகுந்து, ரெக்ஸ்டேல் பஸ்ஸில் அவளோடு வீட்டுக்கு வந்து, இரவுச் சோற்றின் முதல் கவளத்தோடு வாய்க்குள் போகும்.

"அகஸ்ரின் அண்ணை, உவன் நேற்று வேலிக்கு அங்கால எல்லோ நிண்டவன்?"

அவளுக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்த அகஸ்ரின் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"குதிரையில வாறவன் வராமல் என்ன தங்கச்சி செய்வான்? கௌபாய் படமெல்லோ."

"பகிடி விடாதேங்கோ."

"உந்த மணம் மண்டைக்க ஏறினால் எல்லாம் நடக்கிற மாதிரித்தான் தெரியும். என்ர மனிசி என்னைக் குளிக்காமல் கட்டிலுக்குக் கிட்டவும் விடுறாள் இல்லை." கோட்டை எடுத்து மாட்டினார். "கவனமாப் பிரியும். துலைஞ்சு போன படம். கடைசி ரீல் உலகத்திலயே உது ஒண்டுதானாம். நான் கோப்பி வாங்கிக்கொண்டு வாறன்."

"ஓம், போட்டு வாங்கோ," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் அவர் சொன்ன "வாறன்" உறைத்தது. ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லிப் போவதில்லை; வருகிறேன் என்றுதான் சொல்வார்கள், போய்விட்டு வாருங்கள் என்பதுதான் பதில். போன வருடம் திருகோணமலையில், பாண் வாங்கப் புறப்பட்ட அவள் கணவர் தங்கத்துரையும் வாசலில் செருப்பை மாட்டியபடி "வாறன்" என்றுதான் சொன்னார். அவளும் அடுப்பைப் பார்த்தபடி இதே பதிலைத்தான் சொன்னாள். அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அவள் பொட்டு வைத்துக்கொள்கிறாள். எப்படியாவது வந்தால் போதும் என்று தினமும் கேட்கிறாள். மாலையில் இந்த அறையைப் பூட்டும்போது, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும், பழக்கத்தில் "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

மறுபடி குனிந்தாள். நூலைத் தாண்டிச் சுருளை மெல்ல நகர்த்தினாள். குதிரைக்காரன் இறங்கிவிட்டான். தொப்பிக்குக் கீழே முகம் இல்லை. முகம் இருந்த இடத்தில் அந்தப் பழுப்புத் தேன் கொப்புளித்துக்கொண்டிருந்தது. கன்னம் கழுத்துவரை வடிந்திருந்தது. வாய் மட்டும் கெடாமல் இருந்தது.

வாய் அசைந்திருந்தது. சுருளின் ஒரு படக்கட்டத்தில் அகலத் திறந்து. அடுத்ததில் நாக்கு மேலண்ணத்தில். அடுத்ததிலும் நாக்கு அங்கேயே, இதழ்கள் இன்னும் பிரிந்தபடி. அவள் அறியாமலே அவளுடைய வாயும் அதைப் பின்பற்றியது.

வா. ற. ன்.

ஆங்கிலப் படம். என்றோ செத்துப்போன யாரோ ஒரு வெள்ளைக்காரன். அவன் வேறெதையோ சொல்லியிருப்பான். ஆனால் தங்கத்துரையைப் போலவே இடது ஓரம் சற்றே தாழும் அந்த வாயை அவளுக்குத் தெரியும்.

சந்தோஷம் வரவில்லை. முதலில் வந்தது ஓங்காளம். எப்படியாவது என்று ஒரு வருடமாகக் கேட்டவள் அவள்தான். அந்தச் சொல்லுக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்று அவள் யோசித்திருக்கவில்லை. இப்போது அது எதிரில் வடிந்துகொண்டிருந்தது. அவள் ஆசைப்பட்டது முழு உடம்போடு, சவர்க்கார மணத்தோடு வரும் ஒருவரை. இதை அல்ல. இதை வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அறையில் எரிந்த ஒரே வெளிச்சமான மேசை விளக்கை அணைத்தாள்.

இருட்டில் மணம் பெருத்தது. சூடாக இருந்தது. கூரைக்குழாயில் நீர் ஓடும் ஓசை நின்றது. ஒரு சொட்டு. இன்னொன்று. மேசையிலிருந்து தரைக்கு.

தன் வீட்டில் யாரும் உச்சரிக்காத சொல்லை வாய்விட்டுச் சொன்னாள்.

"நான் போறன்."

கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சுவிட்சைத் தடவினாள். கையுறை அதில் ஒட்டிக்கொண்டது. விளக்கு எரிந்தது.

கட்டத்தில் குதிரை மட்டும் நின்றது. வேலி. புழுதி. வேறு யாரும் இல்லை.

சுருளிலிருந்து மேசையின் மறு ஓரம்வரை பழுப்புத் தடம். அங்கே நின்று, கீழே இறங்கியிருந்தது.

பேசக்கூடாது. பதில் சொல்லக்கூடாது. பற்களை இறுக்கினாள். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் வாசலில் நிற்கும் ஒருவருக்குச் சொல்வது போல, ஆண்டுக்கணக்கில் பழகிய அவளுடைய நாக்கு தானாகப் புரண்டது.

"வாங்கோ."

மேசையின் மறுபக்கத்தில், கீழிருந்து நான்கு விரல்கள் விளிம்பைப் பற்றின. அவர் எழும்பப் பார்த்தார். தோல் கண்ணாடியில் ஒட்டிப் பின்னால் தங்க, விரல்கள் மட்டும் அவளை நோக்கி முன்னே நகர்ந்தன.