கேட்டில் தொங்கிய பை

சானடோரியம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஆட்டோவுக்காக நின்றிருந்தாள் செல்வமேரி. வயது அறுபதைத் தொட்டுவிட்டது. காலையிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து, கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டு அனுப்பியிருந்தார்கள். அழுவதற்குக்கூடத் தெம்பில்லை...

திடீரென்று அவள் தலைக்கு மேல் மட்டும் மழை நின்றது.

நிமிர்ந்தாள். பெரிய கறுப்புக் குடை. அதைப் பிடித்திருந்தவர் பாதி உடம்பு வெளியே நனைய நின்றார்.

"அந்தப் பை இன்னா, கூரையா? உள்ள கீறதெல்லாம் ஊறிப்போவுது பாருங்க."

சிரிக்கிற நாளா இது? ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க நனையறீங்களே சார்..."

"நான் லோக்கல் ட்ரெயின் ஓட்னவன். எவ்ளோ மழைய எதிர்ல பாத்துகீறேன். இது இன்னா செய்யும்?"

அந்தக் கண்கள் சிவந்திருந்தன. தூங்காத கண்கள்... அழுத கண்கள். ஆனாலும் அடியில் ஏதோ ஓர் ஈர வெளிச்சம். 'இந்த வயசுல இதென்னடி பார்வை?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

இருவருக்குமே சிட்லபாக்கம்தான். ஒரே ஆட்டோவில் ஏறினார்கள்.

"அங்க யார் வீட்டுக்கு சார்?"

"எங்க அக்கா வூட்டுக்கு. புஷ்பலதா." அவர் குரல் கரகரத்தது. "செத்துப்போச்சு. போன வாரம். ஒருத்தி சோறு குடுத்தே சாவடிச்சிட்டா. அவ வாசல்ல நின்னு நாலு கேள்வி கேக்கணும். செல்வமேரியாம் பேரு... உங்களுக்குத் தெரியுமா?"

செல்வமேரி நனைந்த பையை மடியில் இறக்கி வைத்தாள்.

"தெரியும்," என்றாள். "நான்தான்."

"வண்டிய நிறுத்துப்பா!"

அவர் நடுத்தெருவில் இறங்கி, மழையிலேயே நடந்து போனார். குடை சீட்டில் கிடந்தது.

*

ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் செல்வமேரியைத் தெரியாதவர்கள் இல்லை. புருஷன் போன பிறகு, அடுப்படியில் நிற்க முடியாத வயசாளிகள் சிலருக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்து வந்தாள். அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு... சிஐடி மேரி. தெரு நாய்கள் வரிசையாகச் செத்தபோது, குப்பையில் கிடந்த பிரியாணிப் பொட்டலத்தை முகர்ந்து, மசாலா வாசனையை வைத்தே எலி மருந்து கலந்தது யார் என்று கண்டுபிடித்தவள் அவள். சமையல் வாசனையில் அவளிடம் பொய் சொல்ல முடியாது என்பார்கள்.

அவள் கைச் சாப்பாட்டைத் தினமும் சாப்பிட்டவள் புஷ்பலதா. தனியாக இருந்த விதவை. ஒருநாள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சிறுநீரகம் நின்றது. வீடு திரும்பவில்லை. ஏதோ சாப்பிட்டதில் விஷம் என்றார் டாக்டர். தெரு அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒவ்வொருவராகச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். யாரோ அவளுடைய கேரியரைச் சுவர் மேலாகத் தூக்கி எறிந்தார்கள். சோறு வாசலெல்லாம் சிதறிக் கிடந்தது.

ஆட்டோவில் வந்ததற்கு மறுநாள் காலை, அவர் விட்டுப்போன குடையை எடுத்துக்கொண்டு புஷ்பலதாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர்தான் திறந்தார். கங்காதரன்.

"இன்னா தைரியம் உனக்கு?"

"கேள்வியெல்லாம் அப்புறம் கேளுங்க சார், பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க அக்கா சமையல்கட்டை ஒரு தடவை பார்க்கணும்."

முறைத்தார். அந்தக் கண்களில் வெறுப்பு இருந்தது. ஆனாலும் வழி விட்டார்.

அவள் நேராக ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே அவளுடைய கேரியர். கிளிப்பைக்கூடக் கழற்றவில்லை. அடுக்கு அடுக்காக எடுத்து வைத்தாள். சோறு, சாம்பார், கோஸ் பொரியல்... எல்லாம் வைத்தது வைத்தபடி.

கங்காதரன் சுவரில் சாய்ந்தார். "அப்போ... அன்னிக்கி உன் சோத்த அவ தொடவே இல்ல."

"இல்ல சார்."

பிறகுதான் அடுப்பைப் பார்த்தாள். குக்கரில் கிழங்கு வேகவைத்த மிச்சம், பூஞ்சை பிடித்து. கீழே கூடையில் வேகாத சர்க்கரைவள்ளி. குனிந்து கிளறினாள். விரல்கள் அப்படியே நின்றன.

அத்தனை சர்க்கரைவள்ளிக்கு நடுவே ஒன்று மட்டும் கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. செங்காந்தள் கிழங்கு... வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூக்குமே, அது. தின்றால் ஆளைக் கொல்லும்.

"சார்... இந்தக் கிழங்கு எங்க வாங்கினது?"

அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "வாங்கல. நான்தான் குட்த்தேன்! கோவளத்துல எங்க பழைய வூட்டு வேலியோரம் தோண்டினது. அக்காவுக்கு இதுன்னா உசுரு. ஆனா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல மேடம். மாமா செத்தப்போ நான் டூட்டில இருந்தேன். வரல. அத்த அவ மன்னிக்கவே இல்ல... அதான் பெல் அடிக்காம கேட்டுல பைய மாட்டிட்டு ஓடியாந்துட்டேன்."

கொஞ்சம் நிறுத்தினார். குழந்தை மாதிரிக் கேட்டார்.

"சாப்ட்டாளா? கோவத்துல தூக்கிப் போட்டிருப்பான்னு நெனச்சேன்..."

செல்வமேரி குக்கரில் இருந்த மிச்சத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாப்பிட்டிருக்காங்க சார். என் சாப்பாட்டை ஒதுக்கி வச்சிட்டு... ஆசையா சாப்பிட்டிருக்காங்க."

அவர் துண்டில் முகம் புதைத்து அழுதார். ஆறுதல் கிடைத்த அழுகை. அந்த நேரத்தில் பிரிந்த கிழங்கு அவள் கைப்பைக்குள் போனது. கெட்டுப்போச்சு என்று சொல்லி மிச்சத்தையும் மூட்டை கட்டினாள். குக்கரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். துப்பைத் தேடி வந்தவளே துப்பைக் கழுவினாள்.

*

அதன் பிறகு தினமும் காலையில் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தார் கங்காதரன். தெருவில் அவளுக்காகச் சண்டை போட்டார். "கேரியர் அப்டியே கீது, என் கண்ணால பாத்தேன்!" என்று கத்தினார். "அப்போ வேற எதுல செத்தாங்களாம்?" என்று கேட்டார்கள். தம்பிக்காரனையும் மயக்கிவிட்டாள் என்று பேச்சு மாறியது, அவ்வளவுதான்.

"குழம்புல உப்பு கம்மி மேரி."

"உங்களுக்கு பி.பி. இருக்கு."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்ல வேணாம். ஊறுகாயைப் பார்த்துட்டுப் பார்த்துட்டுக் கையை இழுத்துக்கறீங்களே..."

"ஐயோ, சிஐடிகிட்ட வந்து மாட்டிகினேனே!"

அவர் சிரித்தால் கண்ணோரம் மழைக்கோடுகள் மாதிரிச் சுருக்கம் விழும். அதைப் பார்க்கவே அவள் இன்னொரு அப்பளம் பொரிப்பாள்... உள்ளே மட்டும் ஏதோ கருகும்.

ஒருநாள் அவரே சொன்னார். "தண்டவாளத்துல வந்து நிப்பாங்க மேரி. பிரேக் போட்டாலும் வண்டி நிக்காது. உன் தப்பு இல்லன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஆனா கண்ண மூடினா அந்த மூஞ்சிங்கதான்... இன்னொரு சாவை இந்த நெஞ்சு தாங்காது."

எப்படிச் சொல்வாள்?

மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் அவள் ஒளித்து வைத்திருந்த கிழங்கை மகள் ஜென்சி கண்டெடுத்தாள். ஆபீஸுக்குக் கிளம்பியவள் விஷயம் முழுக்கக் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இதை ஸ்டேஷன்ல குடு. உன் பேர் கிளியர் ஆயிடும்."

"அந்த மனுஷன் உடைஞ்சிடுவார்டி."

"உன்னைக் கொலைகாரின்னு சொல்றாங்கம்மா! நான் தெருவுல தலைகுனிஞ்சு போறேன்... சரி, நேராவே கேக்கறேன். அவரை உனக்குப் பிடிச்சிருக்கா? சர்ச்ல என்ன சொல்வாங்க? நம்ம சொந்தக்காரங்க?"

செல்வமேரி கிழங்கை வாங்கி மறுபடி டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள். அதுவே பதிலாக இருந்தது.

மறுநாள் கங்காதரன் சவரம் செய்து, புதுச் சட்டையில் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மேரி... நீயும் தொணையில்லாம கீற. நானும் தொணையில்லாம கீறேன். ஒண்ணா இருந்துரலாமா?"

இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தாள்! ஆனால் பொய்யின் மேல் உட்கார்ந்து எப்படி 'சரி' என்பது? உள்ளே போய் அந்தக் கிழங்கை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். எல்லாம் சொன்னாள்.

அவர் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"வேலில செகப்புப் பூ," என்றார் மெதுவாக. "அழகா கீதேன்னு நெனச்சேன்."

எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் போய்விட்டார்.

அவர் ஃபோன் அணைந்திருந்தது. அன்று முழுக்க ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் செல்வமேரி பதறி எழுந்தாள். ஜென்சி லீவு போட்டாள். கோவளத்துக்குப் போனாள், பிளாட்பாரம் பிளாட்பாரமாகத் தேடினாள். ஒரு தகவலும் இல்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவர் வரட்டும்மா. வந்தா போதும்," என்றாள்.

அடுத்த நாள் மதியம் அவர் வந்தார். சட்டை கசங்கி, கால் முழுக்கச் சேறு. வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டே வந்திருந்தார். "எங்க அக்காவ சாவடிச்சது நான். அந்தம்மா இல்ல. தெரியாமத்தான்... ஆனா நான்தான்." கதவுகளுக்குப் பின்னால் நின்று தெரு பார்த்தது.

"ஸ்டேஷன்ல எழுதிக் குட்த்துட்டேன்," என்றார் வாசலில் நின்றபடி. "அந்தக் கிழங்கு வேணுமாம். விசாரணை நடக்கும். இனிமே உன்னை யாரும் கூப்ட மாட்டாங்க."

ஜென்சி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உள்ள வாங்க அங்கிள்." அவர் உட்காரவில்லை.

"ஏன் மறைச்ச மேரி? பரிதாபமா?"

"இல்ல."

"பின்ன?"

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவள் முந்தானையைக் கசக்கினாள். மகள் இருக்கிறாள், தெரு கேட்கிறது... கேட்கட்டும்.

"முதல் நாள் பரிதாபம்தான். அப்புறம் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சா இந்த வாசல்படியை மிதிக்கவே மாட்டீங்கன்னு பயம். என் பேர் நாறினாலும் பரவாயில்ல, நீங்க வந்தா போதும்னு இருந்துட்டேன். எனக்கு நீங்க வேணும். அதான் மறைச்சேன்... இது பாவம்னா பாவம்தான்."

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"இந்தக் கையால இனிமே யாருக்கும் எதுவும் குடுக்க முடியாது மேரி. கை கூசுது."

"எனக்கு எதுவும் குடுக்க வேணாம்," என்றாள். "கையை மட்டும் குடுங்க."

தயங்கித் தயங்கி நீட்டினார். பிடித்துக்கொண்டாள். அது நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுக்கம் நிற்கவில்லை... அவள் விடவும் இல்லை.